எட்டேழு மறந்துபோனால்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஐந்தாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று சொல்வாள். எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கிறாள். நடுவில் தடுமாறினால் ஒரே அழுகை. டியூஷன் அக்கா தினமும் இருபது தடவை எழுதச் சொல்கிறார். என் கணவரோ, போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

வாசகி, தாராவி

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டேழுக்குப் போக உங்கள் மகளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அதில் ஒரு படி வழுக்கினாலும் மறுபடி கீழேயிருந்து ஏற வேண்டும். அழுகை வராமல் என்ன செய்யும்? அவளுக்கு இன்னும் இரண்டு வழி காட்டுங்கள்.

பாவ் ரொட்டியில் தொடங்கலாம். செம்பூரில் எங்கள் தெருக்கடையில் ஆறு பாவ் ஒட்டினாற்போல வரும், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. சாயங்காலம் என்னிடம் கணக்குக்கு வரும் பக்கத்து வீட்டுச் சிறுமியின் முன்னால் ஒருநாள் அப்படி நாலு வைத்தேன். நாலாறு இருபத்து நாலு என்றாள். சரி, இப்போது வரிசையை மட்டும் எண்ணு என்றேன். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எட்டு வரிசை, எம்மூன்று இருபத்து நாலு. நம்பாமல் ஒவ்வொரு பாவாக மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஆறாம் வாய்ப்பாடு மூன்றாம் வாய்ப்பாட்டின் இரட்டிப்பு என்று நான் வாயால் சொல்லவே இல்லை.

எட்டேழும் அப்படித்தான். ஈரேழு பதினாலு. அதை இரட்டித்தால் நாலேழு இருபத்தெட்டு. இன்னொரு தரம் இரட்டித்தால் எட்டேழு ஐம்பத்தாறு. இரண்டு, நாலு, எட்டு மூன்றும் ஒரே குடும்பம். இன்னொரு வழி, ஏழை ஐந்தும் இரண்டுமாகப் பிரிப்பது: ஐயெட்டு நாற்பது, ஈரெட்டு பதினாறு, கூட்டினால் அதே 56. இரண்டு பக்கமிருந்து வந்தும் ஒரே இடம் என்று அவளே பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். மூவைந்து பதினைந்து என்றால் ஆறு பத்து முப்பதுதானே என்று சில குழந்தைகள் சொல்வார்கள். இரண்டு எண்ணையும் இரட்டித்துவிட்டு விடையை ஒரு தடவைதான் இரட்டித்திருப்பார்கள். திட்டாதீர்கள். புளியங்கொட்டையைப் பரப்பிக் காட்டுங்கள், நாலு மடங்கு என்று கண்ணுக்குத் தெரியும்.

இந்த இரட்டிப்பும் பாதியும் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலைப் படித்த பிள்ளைகள் பின்னங்களையும் மனப்பாடம் செய்தார்கள். அரை, கால், அரைக்கால், வீசம்: ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. அரைக்கால் என்ற பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பக்கத்தில் மராத்திப் பாட்டி யாராவது இருந்தால் பாவ்கி, நிம்கி, தீட்கி தெரியுமா என்று கேளுங்கள். கால், அரை, ஒன்றரை வாய்ப்பாடுகள் அவை.

டியூஷன் அக்கா சொல்வது தவறில்லை. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் வாய்ப்பாடு நாக்கில் நிற்கும். ஆனால் வழி புரிந்த பிறகு சொல்லட்டும், அப்போது இருபது தடவை தேவைப்படாது. உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: போனில் விரல் தவறி ஒரு எண் மாறிவிட்டால், விடை தப்பு என்று சந்தேகப்படவாவது மனதில் கணக்கு இருக்க வேண்டும்.

அப்புறம், மலை போலத் தெரியும் வேலை உண்மையில் எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து வரை தெரிந்தவளுக்கு, திருப்பிப் போட்டாலும் விடை மாறாது என்பதும் புரிந்தால், பத்து வரையிலான வாய்ப்பாட்டில், எளிதான பத்தின் பெருக்கலை விட்டுவிட்டால், பாக்கி பத்தே பத்துதான். ஆறாறு, ஆறேழு, ஆறெட்டு, ஆறொன்பது, ஏழேழு, ஏழெட்டு, ஏழொன்பது, எட்டெட்டு, எட்டொன்பது, ஒன்பதொன்பது. இதிலும் ஒன்பது வரும் நாலுக்கு, பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் போதும்: எண்பதில் எட்டு போனால் எழுபத்திரண்டு.

இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். தெரிந்ததை அவளே அடித்துக்கொண்டு வரட்டும். எட்டெட்டுக்கு எந்த வழியில் போனாள் என்று எனக்கு எழுதுங்கள்.