சாம்பல் அடிப்பூச்சை விட்டுப் பாருங்கள்

நீர்வண்ண ஓவியத்தில் முதலில் சாம்பல் நிறத்தில் நிழல் போட்டுவிட்டு மேலே வண்ணம் ஏற்றினால் வயலெல்லாம் அழுக்காகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, முறையில்தான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்காட்சிகளைப் பெரும்பாலும் இப்படித்தான் வரைந்தார்கள். ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர் தாமஸ் கர்டின் அந்தச் சாம்பல் பூச்சை விட்டுவிட்டு வண்ணத்தை நேராகத் தாளில் வைத்தார். 1800இல் அவர் வரைந்த 'செல்சி வெள்ளை வீடு' (The White House at Chelsea) என்ற ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் தேம்ஸ் கரையில் பளிச்சென்று நிற்கும் அந்த வீடும், தண்ணீரில் விழும் அதன் சாயலும் வண்ணம் பூசாமல் விட்ட வெறும் தாள்தான்! இரண்டு வருடத்தில், 27 வயதிலேயே போய்விட்டார். நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, நிழலுக்கு அந்தந்த இடத்து நிறத்தையே கொஞ்சம் அடர்த்தியாகக் கலந்து வையுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காயும்வரை அதன்மேல் தூரிகை படவே கூடாது.