பரண் எங்கும் ஓடிவிடாது

வணக்கம் அக்கா,

எங்கள் மகளுக்குப் பத்து வாரம் ஆகிறது. மனைவி போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். இலையுதிர்காலம் பாதி ஓடிவிட்டது. குளிர் வந்து ஜன்னல்களை அடைப்பதற்குள் வீட்டை அடியோடு சுத்தம் செய்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டேன். திங்கள் பரண், செவ்வாய் சமையலறை, புதன் மெத்தைகள் என்று போகும். ஒன்பது நாளாகியும் பரணைத் தாண்டவில்லை. துடைப்பத்தை எடுத்தால் அழுகிறாள். தூக்கினால் நிறுத்துகிறாள், இறக்கினால் மறுபடி ஆரம்பிக்கிறாள். பசியா, தூக்கமா, வயிற்று வலியா, ஒன்றும் புரியவில்லை. மாலையில் கேட்கவே வேண்டாம். மனைவிக்கு மட்டும் எப்படியோ புரிகிறது. அழுகையை வைத்து என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வேலையை எப்படி முடிப்பது? தூசி அவளுக்கு ஆகாதே என்ற பயம் வேறு.

க.

அன்புள்ள தம்பி,

ஒன்பது நாளில் பரணையாவது தொட்டீர்களே, அதுவே பெரிது. என் மகன் கைக்குழந்தையாக இருந்த வருடம் நான் பரணை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

முதலில் அழுகை. அதற்கு ஓர் அகராதி இருக்கும், மனப்பாடம் செய்துவிட்டால் 'இது பசி, இது தூக்கம்' என்று பிரித்துவிடலாம் என்று நானும் நம்பியிருந்தேன். அப்படிப் பிரித்துச் சொல்வதாகச் செயலிகள்கூட வந்துவிட்டன. பிரான்ஸின் ஒலியியல் ஆய்வாளர்கள் 24 குழந்தைகளின் அழுகையை, பிறந்த இரண்டு வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரை, அவரவர் வீட்டிலேயே பதிவு செய்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழுகைகள். கணினியிடம் கொடுத்தார்கள், மனிதர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். யாருடைய குரல், ஏறக்குறைய என்ன வயது என்பதெல்லாம் அழுகையில் இருந்தது. எதற்காக அழுகிறது என்பது மட்டும் கணினிக்கும் பிடிபடவில்லை, மனிதர்களுக்கும் பிடிபடவில்லை. வலியில் வீறிடுவது வேறு கதை. அந்தக் கரகரப்பு பெற்றவர் காதில் தனியாக விழும். மற்றபடி அழுகை சொல்வதெல்லாம் 'வா' என்பதுதான். எவ்வளவு அவசரமாக வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

ஆகவே உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. மனைவிக்கு எப்படிப் புரிகிறது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். என் ஊகம் இது: கடைசியாக எப்போது பால் குடித்தாள், எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாள் என்ற கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அழுகை கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே முகத்தைப் பார்த்திருப்பார். நீங்கள் அந்தப் பத்து நிமிடம் ஏணியில் நின்றிருப்பீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பசி வந்த குழந்தை உடனே அழுவதில்லை. அரைத்தூக்கத்தில் முதலில் இமைக்குள் கண் அலையும். வாய் லேசாகத் திறந்து மூடும், நாக்கு நுனி எட்டிப் பார்க்கும். பிறகு தலை ஒரு பக்கமாகத் திரும்பித் தேட ஆரம்பிக்கும். கன்னத்தில் பட்டது துணியோ உங்கள் சட்டைப் பொத்தானோ, அதன் பக்கம் வாயைக் கொண்டுபோகும். முஷ்டி வாய்க்குப் போகும், கால் இரண்டும் உதைக்கும், சின்னதாக ஒரு முனகல். இவ்வளவுக்கும் யாரும் வரவில்லை என்றால்தான் அழுகை. அதற்குள் குழந்தை பதறிப்போயிருக்கும். பால் எதிரே இருந்தாலும் வாய் பற்றாது. அப்போது 'பால் கொடுத்தேன், வேண்டாம் என்கிறாள், அப்படியென்றால் பசி இல்லை' என்று தப்புக்கணக்குப் போட்டுவிடுவோம். தோளில் போட்டு இரண்டு நிமிடம் ஆற்றிவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம். பத்து வாரத்தில் குழந்தைகள் தங்கள் கையைக் கண்டுபிடித்துவிடும், விளையாட்டாகவே முஷ்டியைச் சப்பும். தலை திரும்பித் தேடுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

தூக்கத்துக்கு வேறு முகம். உங்களையே பார்த்துக்கொண்டிருந்த கண் உங்களைத் தாண்டி எங்கோ நிலைக்கும். புருவமேடு சிவக்கும். கைகால் அசைவு வெடுக் வெடுக்கென்று ஆகும். கொட்டாவி வருவதற்குள் படுக்க வைத்துவிட்டால் நல்லது. இந்த வயதில் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் விழித்திருந்தாலே களைத்துவிடும். அப்புறம் இன்னொன்று, முகத்தைத் திருப்பிக்கொள்வது. நீங்கள் எதிரே குனிந்து கிலுகிலுப்பை ஆட்டும்போது அவள் சுவர் பக்கம் பார்த்தால் 'போதும்' என்று அர்த்தம். நாமோ கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று அந்தப் பக்கம் போய் இன்னும் வேகமாக ஆட்டுவோம்.

மாலை நேரத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதாக நினைக்காதீர்கள். பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 தாய்மார்களிடம் தினமும் குறிப்பு எழுதச் சொல்லி 1962இல் வெளியிட்டார். இரண்டு வாரக் குழந்தை நாளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் அழுதது. ஆறாவது வாரத்தில் அது இரண்டே முக்கால் மணி நேரமாக உயர்ந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கியது. அழுகை குவிந்தது மாலையிலும் முன்னிரவிலும்தான். நன்றாக வளர்கிற, நோயில்லாத குழந்தைகளின் கணக்கு இது. பத்து வாரம் என்றால் நீங்கள் உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாக் குழந்தையும் இந்தக் கோட்டிலேயே போகும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாலை ஐந்து மணிக்கு மேல் எந்தச் சுத்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

'தூக்கினால் நிறுத்துகிறாள்' என்று புகார் போல எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பதில், தம்பி. 1986இல் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு தொகுதிப் பெற்றோரிடம், குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும் தினமும் கூடுதலாகச் சில மணி நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. மாலை அழுகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அழுத பிறகு தூக்கியது இல்லை, அழாதபோதே தூக்கியது என்பதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். தூக்கித் தூக்கிக் கெட்டுப்போகும் வயது இது இல்லை.

சரி, அப்படியென்றால் வீடு? நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் குழந்தைத் தூளி இருந்தால் இரண்டு கையும் கிடைக்கும். முகம் துணிக்குள் புதையாமல் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். முகவாய் நெஞ்சில் ஒட்டிவிடக் கூடாது, குனிந்தால் நெற்றியில் முத்தம் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். துணி மடிக்கலாம், அலமாரித் தட்டை ஈரத்துணியால் துடைக்கலாம், புத்தகம் அடுக்கலாம். ஏணி, அடுப்பு, எந்தத் திரவப் பாட்டில் என்றாலும் தூளியோடு கிட்டே போகக் கூடாது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மூன்று மாதம் இருக்கும். தூங்கிவிட்டான், இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று துணி அலமாரியை மொத்தமாகக் கட்டிலில் கவிழ்த்தேன். இருபதாவது நிமிடம் எழுந்துவிட்டான். அன்று மாலை முழுக்க அவன் என் தோளை விட்டு இறங்கவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நானும் கணவரும் அந்தத் துணிமலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கம்பளிக் கோட்டின் கை முகத்தில் இடிக்க, குறுக்காகப் படுத்துத் தூங்கினோம். மலை கட்டிலை விட்டு இறங்க நான்கு நாள் ஆனது. அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான்: இந்த வேலையை எந்த நிமிடத்திலும் அப்படியே போட்டுவிட்டுப் போக முடியுமா? அலமாரி முடியாது, அலமாரியின் ஒரு தட்டு முடியும். அறை முடியாது, ஒரு ஜன்னல் முடியும்.

உங்கள் பட்டியலையும் அப்படிப் பாருங்கள். பத்து வாரக் குழந்தை வைத்த இடத்தில் கிடக்கும். அதன் பார்வை தெளிவாக எட்டுவது உங்கள் முகம் வரைக்கும்தான். பரண், சோபாவின் அடி, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் எதுவும் அதன் உலகத்தில் இல்லை. அது மூச்சு விடும் காற்று, படுக்கும் மெத்தை, அதைத் தொடும் கை, அதன் தோலில் படும் துணி. இந்த நான்கும் சுத்தமாக இருந்தால் போதும். தூசியைப் பற்றிய பயத்துக்கும் வழி சுலபம். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூசி கிளம்பி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஈரத்துணி அதைப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குழந்தை வேறு அறையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். வீடு ரொம்பப் பழையது என்றால் உரியும் சுவர்ப் பெயின்டைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் சிறுகுழந்தைக்கு ஆகவே ஆகாது.

இலையுதிர்காலத்துக்கே உரிய இரண்டு விஷயங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று, சூடேற்றும் சாதனங்கள். எரிவாயுவோ விறகோ எரிக்கிற எதுவாக இருந்தாலும் குளிருக்கு முதல்முறை பற்றவைப்பதற்கு முன் அதற்கென்று உள்ள ஆளை வைத்துப் புகைபோக்கியோடு சரிபார்த்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல்கள் மூடியிருக்கும் மாதங்களில்தான் அது ஆளை விழுங்கும். அதற்கான எச்சரிக்கைக் கருவியை மாட்டுங்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானையும் அழுத்தி ஒருமுறை கத்தவிட்டுப் பாருங்கள், மகளை வேறு அறையில் வைத்துவிட்டு.

இரண்டாவது, கம்பளித் துணிகள். பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்துருண்டை வாசனை, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல அந்துருண்டைகள் நாப்தலீனால் ஆனவை. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியையும் போர்வையையும் பயன்படுத்தியே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள்காமாலை வந்திருக்கிறது. குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. நானாக இருந்தால் அந்தப் பெட்டித் துணி எதையும் இந்தக் குளிருக்கு மகள் பக்கமே கொண்டுபோக மாட்டேன். நீங்கள் உடுத்தும் ஸ்வெட்டரையும் துவைத்து, வாசனை போகிறவரை காற்றாட விட்ட பிறகே போட்டுக்கொண்டு அவளைத் தூக்குங்கள். மற்றபடி மெத்தை விரிப்புகளை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் தூசிப்பூச்சி செத்துவிடும்.

கழிவறைக்கு: பிளீச்சை அமிலக் கழுவியோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா உள்ள திரவத்தோடு சேர்த்தாலும் நச்சுவாயுதான். ஒரு நாளைக்கு ஒரு வகைத் திரவம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நறுமணத் தெளிப்பான் வேண்டவே வேண்டாம்.

குளிருக்குப் பயந்து அவளைப் பொதிந்தும் வைக்காதீர்கள். அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். உள்ளங்கை சில்லென்று இருப்பது கணக்கில்லை. தூங்கும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டும். மெத்தை கெட்டியாகவும் மற்றபடி காலியாகவும் இருக்கட்டும். தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்குள் உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும், மூச்சு வாங்கினாலும், அழுகை வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று ஒலித்தாலும் அதேதான். எல்லாம் செய்து பார்த்தும் அழுகை நிற்காமல் உங்கள் பல் நறநறக்கிற மாலை ஒன்று வரும். அப்போது அவளைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பொறுமை போன கையால் ஆகும். ஒரே ஒரு உலுக்கலில்கூட மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடலாம். நல்ல தகப்பனுக்கும் அந்த நிமிடம் வரும், அதனால்தான் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

பட்டியலில் புதன் கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். பரணை மனைவி வீட்டில் இருக்கிற விடுமுறை நாள் ஒன்றில் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் மகள் அவர் மடியில் இருக்கும்போது. சோபாவுக்கு அடியில்தான் உண்மையான கெடு இருக்கிறது. தவழ ஆரம்பித்ததும் அங்கே உருண்டு கிடக்கும் ஒவ்வொரு பொத்தானும் பட்டன் பேட்டரியும் வாய்க்குப் போகும். அதற்கு வசந்தகாலம் வரை நேரம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா