கேளுங்கள், சொல்கிறேன்: தங்காத ஹோட்டலில் காரை விடலாமா?

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, "நிலாவெளிப் பக்கம் போனால் வாகனத்தை எங்கே விடுவது என்பதுதான் முதல் தலையிடி" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் நாலைப் பொறுக்கியிருக்கிறேன். ஒன்று அமெரிக்கா வரை போகிறது, அதையே முதலில் எடுப்போம்.

கேள்வி: மகள் குடும்பம் புளோரிடாவில் இருக்கிறது. ஓகஸ்ட் லீவுக்கு நானும் அவரும் போகிறோம். பேரப்பிள்ளைகளோடு டிஸ்னி வேர்ல்ட் பார்க்க ஏற்பாடு. அங்கே கார் விட மட்டும் 30 டொலராம். பக்கத்திலுள்ள டிஸ்னி ஹோட்டலுக்குச் சாப்பிட வந்ததாகச் சொல்லிக் காரை விட்டுவிட்டு நடந்தே உள்ளே போய்விடலாம், காசு மிச்சம் என்கிறார் மருமகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடிபட்டால் என்ன செய்வார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை)

பதில்: பயப்படாதீர்கள் ரீச்சர், பிடித்து உள்ளே போடமாட்டார்கள். கேற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் பின்சீற்றில் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, "எந்தப் பெயரில் மேசை பதிந்திருக்கிறீர்கள்?" என்று காவலாளி கேட்கும்போது அப்பா முழிப்பது பார்க்க நன்றாக இருக்காது.

மருமகனுடைய யோசனையில் அரைவாசி சரி, அதையும் சொல்லவேண்டும். அங்கே பார்க் என்று நாலு கேளிக்கைப் பூங்காக்கள், 1971இல் திறந்த மஜிக் கிங்டம்தான் அவற்றில் முதலாவது. அதற்குப் பக்கத்தில் கன்டெம்பரரி என்றொரு ஹோட்டல் இருக்கிறது, அங்கிருந்து பார்க் வாசலுக்குப் பத்து நிமிட நடை. கிராண்ட் புளோரிடியன் என்ற இன்னொன்றிலிருந்தும் நடைபாதை உண்டு. எப்கொட் என்ற பார்க்கின் பின்வாசலுக்கு போர்ட்வோக் பக்கத்து ஹோட்டல்களிலிருந்து அப்படியே நடக்கலாம். வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் இந்த யோசனை வரும், அந்த ஹோட்டல் காவலாளிக்கும் அது வந்து கனகாலம். அதனால்தான் அடையாள அட்டையோ லைசனோ கேட்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், விட்டாலும் சில மணித்தியாலத்துக்கு என்றுதான் விடுவார்கள். சனம் நெருக்கும் விடுமுறை நாட்களில் பதியாமல் வந்தவர்களைக் கேற்றோடு திருப்புவதும் உண்டு.

சரி, மேசையைப் பதிந்துவிட்டுச் சாப்பிடாமல் நழுவினால்? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. டிஸ்னியின் பெரும்பாலான உணவகங்களில் பதிந்துவிட்டு வராமல் விட்டால் ஆளுக்கு 10 டொலர் கார்ட்டில் வெட்டிவிடுவார்கள். நீங்கள் இருவர், மகளும் மருமகனும், பிள்ளைகள் இரண்டு என்று வைத்தால் 60 டொலர். முப்பதை மிச்சம் பிடிக்க அறுபது! மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று எழுதவில்லை நீங்கள், கணக்காளர் இல்லை என்று நினைக்கிறேன்.

உண்மையாகவே அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்படியே காரையும் மாலைவரை விட்டுவைப்போம் என்று சிலர் கேட்பார்கள். ஹோட்டலில் சாப்பிடுகிற நேரத்துக்குத்தான் அந்த இடம். அதற்கு மேல் நிற்பது அங்கே தங்குகிறவனுடைய இடத்தில் நிற்பது. 2018இலிருந்து 2023 தொடக்கம் வரை அங்கே தங்கிய ஆட்களிடமே இரவு பார்க்கிங்குக்குக் காசு வாங்கினார்கள், இப்போதுதான் அது இல்லை. அறைக்கு அத்தனை நூறு டொலர் கட்டிவிட்டுப் பார்க்கிங்குக்கும் தனியாகக் கட்டிய ஆட்கள் இருந்த இடம் அது.

30 டொலரைப் பேசாமல் கட்டுங்கள். ஒருமுறை கட்டினால் அன்று முழுவதும் நாலு பார்க்குக்கும் அதே ரசீது செல்லும், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று மாறினாலும் திரும்பக் கட்டத் தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மஜிக் கிங்டத்துக்குக் கார் விடும் இடம் பார்க் வாசலில் இல்லை, ஒரு வாவிக்கு இக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து மோனோரயிலில் போகலாம், அல்லது பெரிய படகில் ஏறி அக்கரைக்குப் போகலாம். படகில் போங்கள் ரீச்சர். 2009இல் கிண்ணியாப் பாலம் வருமுன் நாமெல்லாம் பாதை என்கிற படகில் ஏறிப் போனோமே, பஸ்ஸும் சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து, அதே மாதிரி மெல்ல மெல்ல அக்கரை கிட்ட வரும், அக்கரையில் இருப்பது மட்டும் கோட்டை. ஹோட்டலில் ஒளித்து விட்டு நடந்தால் இது கிடைக்காது.

காரை விட்டதும் எந்த வரிசை என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பகுதிகளுக்குக் கதாபாத்திரங்களின் பெயர் வைத்திருப்பார்கள், இரவு பத்து மணிக்குக் களைத்து வரும்போது அலாவுதீனா, பீற்றர் பானா என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஹோட்டலைப் பார்க்க ஆசையென்றால் பார்க்குக்குப் போகாத வேறொரு நாளில், மேசை பதிந்து, நேர்மையாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மோனோரயிலில் ஒரு சுற்றும் சுற்றி வாருங்கள். காசே கட்டாமல் கார் விட வேண்டுமென்றால் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைத்தெரு இருக்கிறது, அங்கே பார்க்கிங் இலவசம், ஆனால் அங்கிருந்து நேரே பார்க்குக்கு பஸ் கிடையாது.

கேள்வி: கடற்கரை எல்லாருக்கும் சொந்தம்தானே? பிறகு ஏன் நிலாவெளி ஹோட்டல்காரர் கேற்றைப் பூட்டிவைத்துக்கொண்டு வாகனத்தை விடமாட்டேன் என்கிறார்கள்?
(வான் சாரதி, சாம்பல்தீவு)

பதில்: தம்பி, மணல் எல்லாருக்கும்தான். மணலுக்குப் போகிற அந்த முற்றம் அவருடைய காணி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் கேற்றில் சண்டை நடக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று வருகிறது. அதைக் கேள்விப்பட்டுவிட்டு 300 மீற்றரும் பொதுக்காணி என்று ஒருவர் என்னோடு வாதாடினார். இல்லை. அந்த எல்லைக்குள் ஏதும் கட்டுவதென்றால் அனுமதி எடுக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். பொதுப்பாதையால் இறங்கிக் கடலில் குளிக்க உங்களை ஒருவரும் மறிக்க முடியாது, அவர் தென்னைக்குக் கீழே உங்கள் வானை நிறுத்தவும் நீங்கள் கேட்க முடியாது.

என் கதையையும் சொல்கிறேன், ஊருக்கு உபதேசம் செய்கிறவன் ஒருநாள் இதே வேலை பார்த்தவன்தான். நாலு பேர் புறாத்தீவுக்குப் போனோம். படகுக்காரர் நிற்கிற இடத்தில் நிழல் இல்லையென்று பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்குள் காரை விட்டோம், பெயர் வேண்டாம். காவலாளியிடம் ஒரு சீஆர் கொப்பி, அதில் சணல் நூலில் கட்டிய பேனை. வாகன இலக்கம், நேரம், அறை இலக்கம் என்று கோடு போட்டிருந்தார். அறை இலக்கத்துக்கு என்ன எழுத என்று கேட்டார். "ரீ குடிக்க வந்தோம்" என்றேன். ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தில் "ரீ 4" என்று எழுதினார். குடித்தோம்தான், நாலு பிளேன் ரீ. குடித்துவிட்டு மூன்று மணித்தியாலம் தீவில்.

திரும்பிவந்தால் காருக்குப் பின்னால் குறுக்கே ஒரு சுற்றுலா பஸ். சாரதி சாப்பிட்டுவிட்டு எங்கேயோ படுத்துவிட்டார். காவலாளி ஒன்றும் பேசவில்லை. கொப்பியைத் திறந்து "ரீ 4"இல் விரலை வைத்துக் காட்டினார், பிறகு மூடிவிட்டார். ஈர உடுப்போடு ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். ஏலாமல் கடைசியில் மத்தியானச் சாப்பாடும் அங்கேயே.

இப்போது நான் செய்வது இதுதான்: முதலிலேயே முகாமையாளரைக் கேட்பது. "அறை எடுக்கவில்லை, மத்தியானம் இங்கே சாப்பிடுவோம், இரண்டு மணிவரை வானை விடலாமா?" என்று வெளிப்படையாகக் கேட்டால் கூட்டமில்லாத நாளில் அனேகமானோர் சரி என்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் சீசன், அதிலும் சனி ஞாயிறு, அப்போது கேட்டுப் பயனில்லை. காசு கொடுத்து விடுகிற வளவு எதையாவது பாருங்கள். வெறும் மணலில் மட்டும் இறக்காதீர்கள், ஆட்கள் ஏறிய வான் மெத்தைமணலில் நின்றால் ரயர் சுற்றச் சுற்றக் கீழே போகும். அப்புறம் தென்னைக்குக் கீழே விடமுன் ஒருக்கால் மேலே பாருங்கள்.

கேள்வி: கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, காரைக் கோட்டைக்குள்ளேயே விட்டுவிட்டு டவுனுக்குச் சாமான் வாங்க நடந்துபோனால் தப்பா?
(லிங்கநகர் வாசகர்)

பதில்: சாமி கண்டுகொள்ளாது, மான் கண்டுகொள்ளும். பிரெட்ரிக் கோட்டை மான்களுக்குக் கார்க் கண்ணாடி அரை அங்குலம் இறங்கியிருந்தால் போதும், பூசைத்தட்டு வாழைப்பழத்துக்கு மூக்கை நுழைக்கும். விசேட நாட்களில் வெளியூர் வாகனங்கள் ஏற இடமில்லாமல் நிற்கும், அன்று மட்டுமாவது கும்பிட்டதும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: உப்புவெளியில் ஆறு அறை வைத்து நடத்துகிறேன். பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் அவர்களுடைய ஆட்களெல்லாம் என் வளவில்தான் கார் விடுகிறார்கள். அயலவர், முகத்தை முறிக்க முடியவில்லை. அறை எடுத்த வெள்ளைக்காரர் ரோட்டில் நிற்கிறார். என்ன செய்ய?
(பெயர் வேண்டாம் என்கிறார் வாசகி)

பதில்: அக்கா, ஆறு அறை என்றால் ஆறு இடத்துக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டு அறை இலக்கம் எழுதிவிடுங்கள், மிச்ச இடத்தை அயலவருக்கு நீங்களாகவே காட்டுங்கள். இலக்கம் எழுதிய இடத்தில் விட நம்மவர்களுக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். அதையும் தாண்டி விடுகிறவர் ஒருவர் வருவார், அநேகமாக மாப்பிள்ளையின் மாமாவாக இருக்கும். அவரிடம் திறப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.