ஈலி கதீட்ரல்ல நீங்க அண்ணாந்து பாத்தது கல்லு இல்ல

கேள்வி: இங்கிலாந்துல ஈலி கதீட்ரல் பாத்துட்டு வந்தேன். நட்ட நடுவுல எட்டுப் பட்டையா நிக்குற அந்த கல் கோபுரத்த, கணக்கு சயின்ஸ் எதுவும் தெரியாத காலத்துல கட்டினது சும்மா அதிர்ஷ்டம்தானே?

பதில்: அதிர்ஷ்டம்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன். 1322 பிப்ரவரியில ஒரு ராத்திரி அங்க இருந்த பழைய கோபுரம் மொத்தமா இடிஞ்சு விழுந்துச்சு, மடத்துல இருந்த துறவிங்க பூகம்பம்னே நெனச்சுட்டாங்க. மடத்து பொறுப்புல இருந்த ஆலன் ஆஃப் வால்சிங்கம் இடிபாட்ட அள்ளிட்டு, பழையபடி நாலு தூண எழுப்பல. நாலு தூண் மேல அவ்ளோ பாரம் நின்னதுதான் ஆபத்துன்னு புரிஞ்சு, எட்டு இடத்த அளந்து குறிச்சு, கெட்டித் தரை வர்ற வரைக்கும் தோண்டி அஸ்திவாரம் போட்டார். இது அதிர்ஷ்டமா சொல்லுங்க?

அடுத்தது, நீங்க கல்லுன்னு எழுதியிருக்கீங்களே, எட்டு தூணும் அதுக்கு மேல வர்ற வளைவும்தான் கல்லு, அதுக்கு மேல வெளிச்சம் கொட்டுதே அந்த கூண்டு, அதத் தாங்குற விசிறி மாதிரி கூரை, எல்லாமே ஓக் மரம், பெயின்ட் அடிச்சிருக்கறதால கீழ இருந்து பாத்தா கல்லுன்னுதான் தோணும். சுமார் 22 மீட்டர் அகலம், அத ஒரே வீச்சுல தாண்ட எந்த மரமும் பத்தாது. அதனால எட்டு மூலையில இருந்தும் உத்தரத்த உள்பக்கமா நீட்டி, கீழ இருந்து சாய்வா முட்டு குடுத்து, அதோட நுனியில கூண்டோட எட்டு மரத்தூண நிறுத்தினாங்க, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 19 மீட்டர் நீளம். எட்டும் வளையமா சேந்துட்டதால ஒண்ண ஒண்ணு தள்ளிப் பிடிச்சு நிக்குது.

இந்த மரவேலைக்கு வந்தவர் ராஜாவுக்கு வேலை செஞ்ச தச்சர் வில்லியம் ஹர்லி, வருஷத்துக்கு 8 பவுண்டு, சாப்பாடு தங்குற இடத்தோடன்னு மடத்து கணக்குல பதிவாயிருக்கு. கோபுரம் இடிஞ்சதுல இருந்து வேலை முடிய சுமார் 20 வருஷம். கதீட்ரல்னாலே கல்தச்சரையே பாராட்டி பழகிட்டோம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஈலியில உச்சி வேலை மொத்தமும் மரத்தச்சரோடது. அடுத்த தடவ போனா டிக்கெட் வாங்கி மேல ஏறுங்க, கூண்டுல தேவதைங்க படம் போட்ட மரப்பலகைங்கள கதவு மாதிரி திறக்கலாம், அதுக்குப் பின்னாடி அந்த உத்தரம் முட்டு எல்லாம் பக்கத்துலயே தெரியும்.