பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து காரில் ராமேஸ்வரம் போகிறோம். பாம்பன் பாலத்தில் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். கூட வயதான அம்மாவும் வருகிறார். எங்கே நிறுத்தலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பாலத்தின் மேல் மட்டும் வேண்டாம். 1988-ல் திறந்த சாலைப் பாலம் அது, நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல், ஆனால் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு வண்டிக்குத்தான் இடம். நடுப்பாலத்தில் ஒரு கார் நின்றால் பின்னால் வரும் பஸ் எதிர்ப்பக்கம் ஏறித்தான் போகவேண்டும், அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு இறங்கும். நினைத்தாலே பதறுகிறது.

பாலத்தைத் தாண்டி, பாம்பன் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நடைபாதையில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்து வாருங்கள். காற்று பலமாக அடிக்கும், தொப்பி, துப்பட்டா எல்லாம் பத்திரம். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் தெரியும். கப்பல் வந்தால் அதன் நடுவிலுள்ள 72.5 மீட்டர் இரும்புத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். 2022 வரை ரயில் ஓடிய 1914-ம் வருடத்துப் பழைய ரயில் பாலத்தில் அந்த இடம் இரண்டு கைகளாகப் பிரிந்து தூக்கிக்கொண்டது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

அம்மா உட்கார வேண்டுமென்றால், மண்டபத்துக்கு முன்பே அரியமான் கடற்கரைக்குத் திரும்பிவிடுங்கள். சவுக்கு மர நிழலில் பாய் விரித்து, கட்டிவந்த புளியோதரையை அங்கேயே சாப்பிடலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது குந்துகால். பாலம் தாண்டியதும் வலப்பக்கம் போகவேண்டும். சிகாகோ போய்விட்டு இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. ராமேஸ்வரம் போகிற அவசரத்தில் பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

கேள்வி: தனுஷ்கோடி தாண்டி இருக்கும் அரிச்சல்முனைக்கு மாலையில் போனால் போதுமா?
- அதே வாசகி

பதில்: போதாது. மாலையானதும் போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள். முகுந்தராயர் சத்திரம் தாண்டி ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு, இரண்டு பக்கமும் கடல், நிழல் என்று எதுவும் கிடையாது. அம்மாவுக்குக் குடையும் தண்ணீரும் கட்டாயம், கழிப்பறை வேலையை ராமேஸ்வரத்திலேயே முடித்துவிடுங்கள். அப்புறம், அங்கே குளிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், இழுப்பு அதிகம்.