மார்ச் கடைசியில் பிள்ளைகளோடு யூட்டாவுக்கு ஸ்கீயிங் போகலாமா? பனி இருக்குமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: நியூஜெர்சியில் இருக்கிறீர்கள். பென்சில்வேனியாவின் போக்கனோஸ் மலைப்பக்கம் சில தடவை சறுக்கிய பழக்கம் உண்டு. நீங்களும் மனைவியும் பச்சைப் பாதைக்காரர்கள் (பச்சை என்றால் எளிதான பாதை), பையன் அடுத்த நிலையான நீலம் வரை தைரியமாக வருவான், சின்னவள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். மார்ச் கடைசி வாரம் பள்ளி விடுமுறை, சால்ட் லேக் சிட்டிக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதற்குள் பனி உருகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்த மலைக்குப் போவது என்றும் தெரியவில்லை.

தாராளமாகப் போங்கள். நானும் கிழக்குக் கரையில் இருப்பவன்தான். பிள்ளைகளின் வசந்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய் வருவது எங்களுக்கு வழக்கம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஜனவரியைவிட இந்த மாதம்தான் தேவலாம் என்பேன். குளிரில் விரல் விறைத்து அழுகை இல்லை, பொழுது சாய நேரமாகிறது. சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய வாசாட்ச் மலையின் மேல்பகுதிகளில் பெரும்பாலான வருடங்களில் பனி அதிக ஆழத்துக்குச் சேர்ந்திருப்பதே மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும்தான். 2022-23 பருவத்தில் அங்கே இருக்கும் ஆல்டா என்ற ஸ்கீ மலையில் மொத்தம் 903 அங்குலம் கொட்டியது. அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் பனிச்சரிவு ஆபத்தால் ஆல்டாவுக்குப் போகும் சாலையையே நாள்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். எல்லா வருடமும் அப்படி இருக்காது, வறண்ட வருடங்களும் வரும். அதனால் தங்குமிடத்தை மட்டும் ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள்.

யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. வசந்த காலத்தில் பனி நேரத்துக்கு நேரம் மாறும். காலை எட்டரைக்கு இருப்பது பதினொன்றுக்கு இருக்காது, பதினொன்றுக்கு இருப்பது இரண்டரைக்கு இருக்காது. இதைப் புரிந்துகொண்டு நாளைத் திட்டமிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

நடப்பது இதுதான். பகலில் வெயில் பட்டு மேல்பனி இளகும். இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டு இறுகிப் போகும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும், காற்று வறண்டிருந்தால் இறுகிவிடும். மேகம் மூடிய இரவில் இது சரியாக நடக்காது. மறுநாள் காலையிலேயே பனி சொதசொதவென்று இருக்கும். ஆகவே ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை வெளியே வந்து வானத்தைப் பார்ப்பது என் பழக்கம். நட்சத்திரம் தெரிந்தால் மறுநாள் காலை அவசரப்படாமல் தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மேகமாக இருந்தால் லிஃப்ட் திறக்கும்போதே அங்கே நிற்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நல்ல நேரம் சீக்கிரமே முடிந்துவிடும்.

இப்படி இளகி இறுகி, இளகி இறுகிச் சில நாள் போனால் பனி உருண்டை உருண்டையான மணிகளாகிவிடும். இதைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள். மேலே ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதில் பச்சைப் பாதைக்காரர்கூட நீலத்தில் சுகமாக இறங்கலாம். ஸ்கீ தானாகத் திரும்பிக் கொடுக்கும். அதற்கு முன்னால் போனால் வெறும் ஐஸ். பூட்ஸ் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் அந்தச் சரிவு அன்றைக்கு முடிந்தது என்று அர்த்தம், அடுத்த சரிவைப் பாருங்கள்.

அடுத்த சரிவு எது? சூரியனைப் பின்தொடர்ந்தால் போதும். கிழக்குப் பார்த்த சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, பிறகு மேற்கு. வடக்குப் பார்த்த உயரமான சரிவில் மார்ச் கடைசியில்கூடச் சில நாள் உலர்ந்த குளிர்காலப் பனியே கிடக்கும். ஆல்டாவுக்குப் பக்கத்து ஸ்கீ மலையான ஸ்னோபேர்டில், மலைக்குப் பின்பக்கம் மினரல் பேசின் என்று ஒரு பெரிய கிண்ணப் பகுதி உண்டு. அங்கே காலை வெயில் முதலில் விழும். முன்பக்கம் இன்னும் கல்லாக இருக்கும்போது அங்கே சறுக்கத் தோதாக இளகியிருக்கும். பெருவியன் லிஃப்ட் மேலே விடுகிற இடத்திலிருந்து மலையைக் குடைந்து ஏறக்குறைய 600 அடிச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். உள்ளே நகரும் பட்டையில் ஸ்கீயோடு நின்றால் அதுவே மறுபக்கம் கொண்டுபோய் விடும். என் பிள்ளைகளுக்குச் சறுக்குவதைவிட அந்தச் சுரங்கம்தான் பெரிய விஷயம். ஆனால் அங்கே இறங்குவது பையனுக்குச் சரி, உங்களுக்கும் மனைவிக்கும் முதல் நாளே வேண்டாம். பச்சைப் பாதைக்கு ஆல்டாவில் ஆல்பியன் பக்கம் இருக்கும் சன்னிசைடு லிஃப்டும், பிரைட்டன் என்ற இன்னொரு ஸ்கீ மலையும் நல்ல இடங்கள்.

எந்த மலை என்று கேட்டிருந்தீர்கள். வசந்த காலத்தில் நான் பெயரைப் பார்ப்பதில்லை, அடிவாரம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். பார்க் சிட்டியின் அடிவாரம் 6,900 அடியை ஒட்டி. பிரைட்டன் 8,755. ஆல்டா 8,530, அதாவது நம் தொட்டபெட்டா உச்சிக்கு ஏறக்குறையச் சமம், அங்கிருந்துதான் சறுக்கும் மலையே ஆரம்பிக்கிறது. பார்க் சிட்டிக்கும் ஆல்டாவுக்கும் இந்த உயர வித்தியாசம் ஒன்றுக்கே 5, 6 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். மழையா பனியா என்பதை முடிவு செய்ய அது போதும். பார்க் சிட்டி அருமையான ஊர். கடைத்தெரு, சாப்பாடு, நடந்தே எல்லாம் போகலாம் என்ற வசதி எல்லாம் அங்கே உண்டு. 2015-ல் பக்கத்து மலையோடு இணைத்த பிறகு 7,300 ஏக்கர். ஆனால் மார்ச் கடைசி மதியத்தில் அதன் கீழ்ப்பகுதிப் பாதைகள் கஞ்சியாகிவிடும், சில வருடம் ஓரத்தில் மண்ணும் தெரியும். தங்குவது பார்க் சிட்டியிலா, சால்ட் லேக் பள்ளத்தாக்கிலா என்றால் நான் பள்ளத்தாக்குதான் என்பேன். அறை மலிவு, சமையலறையோடு கிடைக்கும், காலையில் வானத்தைப் பார்த்து எந்த மலை என்று முடிவு செய்யலாம். ஒன்று மட்டும், வீட்டில் யாராவது ஸ்னோபோர்டு என்றால் ஆல்டாவும், பார்க் சிட்டி பக்கத்து டியர் வேலி மலையும் கிடையாது, இரண்டிலும் ஸ்கீக்கு மட்டுமே அனுமதி.

ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மச்சினன் குடும்பமும் டாலஸிலிருந்து வந்திருந்தார்கள். ஆல்டா. காலையில் பளிச்சென்று வெயில். இயந்திரம் ஓட்டிச் சீவிவிட்ட பாதையில் வரிவரியாகக் கோடு, பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு வரியும் உறைந்து கிடந்தது. ஸ்கீ அதன்மேல் போகும்போது கடகடவென்று பல் அதிர்கிற சத்தம். பையன் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இது ஸ்னோ இல்லப்பா, ஃப்ரீசர்" என்றான். "சரிடா, மாமாவோட கீழே போ, சாக்லேட் குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டோம். பத்தரைக்கு மேல் திரும்ப ஏறினால் அதே பாதை வெண்ணெய். பன்னிரண்டரை வரை யாரும் கழிப்பறைக்குக்கூட இறங்கவில்லை. ஒரு மணிக்கு மேற்கிலிருந்து மேகம் வந்தது, வெளிச்சம் தட்டையாகிவிட்டது. மேடு பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை. அப்போது மரங்களை ஒட்டிய பாதைக்கு மாறிவிட வேண்டும், மரம் இருந்தால்தான் சரிவு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடும். இரண்டரைக்கு வெள்ளை ஜவ்வரிசி மாதிரி உருண்டையாகக் கொட்ட ஆரம்பித்தது, கிராப்பெல் என்பார்கள். ஜாக்கெட்டில் பட்டுத் துள்ளித் துள்ளி விழும். வசந்தப் புயலில் இது சகஜம், சறுக்கவும் நன்றாகவே இருக்கும். மறுநாள் காலை எட்டு அங்குலம் புதுப் பனி, பெரியவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் வெயில் வந்ததும் பதினொன்றரைக்குள் அது கனத்துப்போய்விட்டது.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். பெரிய மலைகளில் அன்றன்றைக்கு வாங்கும் டிக்கெட் ஒரு ஆளுக்கு 200 டாலரை அலட்சியமாகத் தாண்டும். கொடுத்த காசுக்கு லிஃப்ட் மூடும் வரை ஏறி இறங்கியே தீர வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிடும். தயவுசெய்து வேண்டாம். மதியத்துக்கு மேல் ஈரம் கனத்த பனியில் ஸ்கீ மாட்டிக்கொள்ளும், கால் திரும்பும், உடம்பு திரும்பாது; முழங்கால் போவது இப்படித்தான். அதிலும் மர நிழலில் வேகமாக வந்துவிட்டு வெயில் பட்ட திட்டில் நுழையும் இடம் மோசம், அங்கே பனி சட்டென்று பிடித்து இழுக்கும், ஆள் மட்டும் முன்னால் போவார். நிழலிலிருந்து வெளியே வரும் முன் வேகத்தைக் குறைத்து, எடையைக் கொஞ்சம் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினால் அது நஷ்டமில்லை. டிக்கெட்டை இப்போதே இணையத்தில் வாங்கினால் விலை கணிசமாகக் குறையும், மனசும் லேசாக இருக்கும். அரை நாள் டிக்கெட் தரும் இடங்களில் மதியம் தொடங்கும் அரை நாளை வாங்காதீர்கள், இந்தப் பருவத்தில் அது வீண்.

சின்னவளை வகுப்பில் சேர்ப்பதானால், காலை முதல் வகுப்பைவிடப் பத்து மணிக்கு மேல் தொடங்கும் வகுப்பு இருந்தால் அதையே பிடியுங்கள். கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு ஐஸில் விழுந்தால் ஆர்வமே போய்விடும். நிற்க ஸ்கீ முனைகளைச் சேர்த்தால் பீட்சா, போக நேராக வைத்தால் ஃப்ரெஞ்ச் ஃப்ரை என்று அங்கேயும் அதே பாடம்தான்.

சாமான் விஷயத்தில் போக்கனோஸ் பழக்கம் பாதிக்குத்தான் உதவும். ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட, மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தண்ணீர் புகாத வெளிச்சட்டை நல்லது. காலையில் 20 டிகிரி ஃபாரன்ஹீட், மதியம் 45 என்பது சாதாரணம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, மதியத்துக்குள் முதல் ஜோடி நனைந்துவிடும். கண்ணாடிக்கு மேகமூட்ட லென்ஸ் ஒன்று கூடவே எடுங்கள். வெயில் காப்புக் களிம்பை மறக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்ன என் மச்சினன் மூக்குத்தோல் உரிந்துதான் ஊர் திரும்பினார். வாடகை ஸ்கீக்கு மெழுகு பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். வெப்பப் பனிக்கான தேய்ப்பு மெழுகு ஒரு சின்ன டப்பா வாங்கி ஜேப்பில் போட்டுக்கொள்ளுங்கள், மதியம் தட்டையான பாதையில் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை மிச்சம்.

உயரம் காரணமாக முதல் நாள் தலைவலி வரலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இறங்கிய அன்றே மலைக்கு ஓடாதீர்கள்.

வண்டி முக்கியம். ஆல்டாவுக்கும் ஸ்னோபேர்டுக்கும் போகும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குச் சாலையில் பனி விழும் நாளில் டயர் விதி அமலுக்கு வரும். நான்கு சக்கர இயக்க வண்டியானாலும் பனிக்கேற்ற டயர் இல்லையென்றால் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். வாடகை வண்டி எடுக்கும்போது இயக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், டயர் பக்கவாட்டில் பனிக்கானது என்ற குறி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் சால்ட் லேக் பள்ளத்தாக்கிலிருந்து ஸ்கீ பஸ் இருக்கிறது, தைரியமாக அதில் போகலாம்.

கீழே மழை, மேலே காற்று என்று லிஃப்டையே நிறுத்திவிடும் ஒரு நாளும் வரலாம். அதற்கு இடம் விட்டுத் திட்டம் போடுங்கள். ஆன்டிலோப் தீவில் காட்டெருமைக் கூட்டத்தைக் காரிலிருந்தே பார்க்கலாம். பார்க் சிட்டி அருகே 2002 ஒலிம்பிக்கின் ஸ்கீ ஜம்ப் மைதானமும் அருங்காட்சியகமும் உண்டு. மிட்வேயில் ஒரு பெரிய சுண்ணாம்புக் கூம்புக்குள் வெந்நீர் ஊற்று இருக்கிறது, முன்பதிவு செய்துகொண்டு போய் முழங்கால் வலிக்க வலிக்க இறங்கினால் சொர்க்கம்.

பள்ளி விடுமுறை ஏப்ரலுக்குத் தள்ளிப்போனாலும் விட்டுவிட வேண்டாம். ஆனால் அப்போது ஆல்டா, ஸ்னோபேர்ட் இரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். ஸ்னோபேர்ட் பெரும்பாலான வருடம் மே வரை திறந்திருக்கும். மற்ற மலைகள் எந்தத் தேதியில் மூடுகின்றன என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.