மெழுகு உருகுகிறது, வெந்நீர் மட்டும் வரவில்லை: பதில்

வணக்கம். பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெந்நீர் தருவதற்காக வைத்த 20 கிலோ பாரஃபின் மெழுகு பகலில் முழுசாக உருகியும் இரவில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். வெப்பம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. குளிர்ந்த குழாயை ஒட்டிய மெழுகு முதலில் உறைந்து கம்பளி போலப் போர்த்திக்கொள்கிறது. மெழுகின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.2 வாட்/மீட்டர்-கெல்வின், செம்புக்கோ ஏறக்குறைய 400.

மெழுகை மாற்ற வேண்டாம். செம்பு வெப்பக்குழாய்கள் (உள்ளே கொஞ்சம் தண்ணீர் வைத்து இரு முனையும் அடைத்தவை; சூடான முனையில் அது ஆவியாகி மறுமுனைக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும்) நாலைந்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள்: கீழ்முனை மெழுகில், மேல்முனை தண்ணீரில். ஆவி மேலே குளிர்ந்து நீராகிக் கீழே திரும்ப வேண்டுமே! (கணினிக் கூலரில் கழற்றியது என்றால் உள்ளே நீரை உறிஞ்சி இழுக்கும் திரி இருக்கும், தலைகீழாக வைத்தாலும் ஓரளவு சமாளிக்கும்.) மெழுகுப் பக்கம் அலுமினியத் தகடுகளையும் செருகுங்கள், வெறும் குழாய் போதாது. அப்புறம், உருகும்போது மெழுகு 10 சதவீதம் அல்லது அதற்கு மேலும் விரியும். தொட்டியில் இடம் விட்டிருக்கிறீர்களா?